கடல் கடந்து ஒரு வீடு: ‘கூடுமா’ என்பதற்குப் பின் நான்கு கேள்விகள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து, மதரஸாப் பிள்ளைகள் கலைந்து சென்றுகொண்டிருந்த வேளையில், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து அமர்ந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழில் பழகி, அங்கிருந்து துபாய் சென்று, இப்போது ஒரு நிறுவனத்தில் பொறுப்பான பணியில் இருப்பவர். நலம் விசாரித்து முடிந்ததும் பையிலிருந்து வழவழப்பான ஒரு விளம்பர ஏட்டை எடுத்து என் முன் வைத்தார். வானளாவிய கட்டடம் ஒன்றின் படம் அதில் இருந்தது. அந்தக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை. முன்பணம் கட்டிவிட்டால் மீதியைத் தவணைகளில் செலுத்தலாம் என்று எழுதியிருந்தது.

“ஹஜ்ரத், இதில் ஒரு வீடு எடுக்கலாம் என்று நினைக்கிறேன். கூடுமா?”

இதே கேள்வியை இதே இடத்தில் இதற்கு முன்பும் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் உடனே விடை சொன்னேன். இம்முறை என்னால் உடனே சொல்ல முடியவில்லை. அதற்கான காரணத்தை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே சொல்லில் தந்த விடை

அந்தச் சகோதரர் வளைகுடாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். அவரும் ஒரு விடுமுறையில் வந்து, “வெளிநாட்டில் வீடு வாங்குவது கூடுமா?” என்று கேட்டார். “கூடும், தாராளமாக வாங்குங்கள்” என்றேன். மக்ரிபுக்கு நேரமாகிவிட்டது. அவரும் எழுந்து சென்றுவிட்டார். எந்தப் பணத்தில் வாங்குகிறீர்கள், வீட்டாருக்குத் தெரியுமா, எழுதி வைத்திருக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, பணியிடத்திலேயே மாரடைப்பால் அவர் இறந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அங்கேயே நல்லடக்கம் நடந்தது. மனைவி இத்தாவில் இருந்தபோது, அவருடைய கைப்பேசிக்கு வந்த ஒரு செய்தியைப் பதினைந்து வயது மகன் படித்தான். கட்டட நிறுவனத்தின் தவணை நினைவூட்டல் அது. அப்போதுதான், தன் கணவர் பெயரில் ஒரு வீடு பாதி விலை செலுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது என்று அந்தப் பெண்மணிக்குத் தெரியவந்தது. முன்பணத்துக்காக அங்குள்ள வங்கியில் அவர் வட்டிக் கடன் வாங்கியிருந்ததும், உள்ளூரில் தம்பியிடம் கைமாற்றாகப் பெருந்தொகை பெற்றிருந்ததும் பிறகு தெரிந்தன. தம்பியிடம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. கொடுத்தவர் பொய் சொல்பவர் அல்லர் என்று அனைவருக்கும் தெரியும். ஆயினும் எவ்வளவு என்பதற்குச் சான்று இல்லை.

ஒப்பந்தப்படி தவணை தவறினால் நிறுவனம் விற்பனையை ரத்துச் செய்து, செலுத்திய பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளலாம். மீதியைப் பெற வேண்டுமானால் வாரிசுகள் அந்நாட்டு நீதிமன்றத்தில் வாரிசு ஆணை பெற வேண்டும். அதற்கு இங்கே வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, வெளியுறவுத் துறையின் சான்றொப்பம், தூதரகச் சான்றொப்பம் என ஒவ்வொன்றாக நடந்தாக வேண்டும். அந்தப் பெண்மணி பொன்னேரியைத் தாண்டித் தனியாகச் சென்றறியாதவர்.

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இறந்தவர் மீது கடன் இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் வினவியதையும், கடன் உண்டு, அதை அடைக்க அவர் எதுவும் விட்டுச் செல்லவில்லை என்றறிந்து தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னதையும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்னரே தொழுவித்ததையும் நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறேன். அக்கடன் சில தீனார்களே. இதைப் பாடம் நடத்தும் நான், கடன் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு மனிதரை அனுப்பி வைத்தேன். என் விடையில் பிழை இல்லை. ஆனால் அது முழுமையான விடையும் இல்லை.

வாங்குவது ஆகுமானதே

வெளிநாட்டில் நிலமோ வீடோ வாங்குவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதன்று. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த நபி (ஸல்) அவர்கள், முதல் மாதங்களில் அபூஅய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்தினராகவே தங்கினார்கள். பள்ளிவாசல் அமைந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் அதை அன்பளிப்பாகத் தர முன்வந்தபோதும் நபியவர்கள் ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள். வந்த ஊரில் மண் வாங்குவோருக்கு இதில் பாடம் இருக்கிறது. உரியவருக்கு உரிய விலை சேர வேண்டும். உடைமை ஐயத்திற்கு இடமின்றி மாற வேண்டும்.

மக்காவில் விட்டு வந்த வீட்டின் கதையும் நமக்குத் தெரியும். மக்கா வெற்றியின்போது, எங்கே தங்குவீர்கள் என்று உஸாமா (ரலி) கேட்டபோது, அகீல் நமக்கு வீடு எதையும் விட்டு வைத்தாரா என்ற கருத்தில் நபியவர்கள் மறுமொழி சொன்னார்கள். பிறந்த ஊரின் வீடுகள் பிறர் கைக்குப் போயிருந்தன. ஆகவே வீடு கிடைப்பதும் வீடு கைவிட்டுப் போவதும் நம் வரலாற்றின் தொடக்கத்திலேயே உள்ளவை.

உரிமை உண்டு, எல்லையும் உண்டு

அயல்நாட்டார் வீடு வாங்குவதை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி அளந்தே அனுமதிக்கிறது. துபாய் 2002ஆம் ஆண்டு அயல்நாட்டாருக்கு முழு உடைமையுடன் வீடு வாங்கும் வாயிலைத் திறந்தது. 2006ஆம் ஆண்டின் 7ஆம் எண் சட்டம் அதை முறைப்படுத்தியது. அங்கும் அதற்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமே வாங்கலாம். பதிவுக்கு விலையில் 4 விழுக்காடு நிலத்துறைக்குச் செலுத்த வேண்டும். ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் உண்டு. மலேசியாவில் பெரும்பாலான மாநிலங்களில் பத்து இலட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்த வீட்டை அயல்நாட்டார் வாங்க இயலாது. மாநில அரசின் இசைவும் தேவை. மலாய் ஒதுக்கீட்டு நிலம் அவர்களுக்குக் கிடையாது. சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் 27 முதல், வீடு வாங்கும் அயல்நாட்டார் விலைக்கு மேல் 60 விழுக்காடு கூடுதல் முத்திரைத்தீர்வை செலுத்த வேண்டும். சவூதி அரேபியா 2025இல் அயல்நாட்டார் உடைமைக்கெனப் புதிய சட்டம் இயற்றியிருக்கிறது. மக்கா, மதீனா நகரங்களுக்கு அதில் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன.

துபாயில் 7,50,000 திர்ஹம் மதிப்புள்ள வீட்டுக்கு ஈராண்டு வதிவிட விசாவும், 20 இலட்சம் திர்ஹம் மதிப்புக்குப் பத்தாண்டு விசாவும் பெற வழி இருக்கிறது. பலரை ஈர்ப்பது இதுவே. ஆனால் விசா குடியுரிமை ஆகாது. வீட்டுக்கு நீங்கள் உரிமையாளர், நாட்டுக்கு விருந்தினர். வேலை போனாலும் வீடு உங்களுடையது. அங்கே எத்தனை காலம் தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர் வேறு.

இதன் பொருளை எனக்கு உணர்த்தியவர் துபாய்க்காரர் அல்லர். எங்கள் மதரஸாச் சுவர்களுக்கு வண்ணம் பூச வந்த ஒரு பெரியவர். கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வசிப்பவர். போரிலிருந்து தப்பி இளைஞராக வந்தவர், இங்கேயே மணமுடித்துப் பேரன் பேத்தி கண்டுவிட்டார். அரசு 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவர் அயல்நாட்டார். அந்நியச் செலாவணி மேலாண்மை விதிகளின்படி, இலங்கை உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டுமே விலக்கு உண்டு.

“முப்பது வருசத்துக்கு மேலே இந்த ஊர் வீடுகளுக்குத்தான் ஐயா பெயின்ட் அடிக்கிறன். என்ர பேரில ஒரு சென்ட் காணி இல்லை” என்றார். குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. நான்தான் தலைகுனிந்தேன். நம் ஊரில் ஒருவர் ஒரு சென்ட் மண் வாங்க வழியின்றி இருக்க, நாம் இன்னொரு நாட்டில் நாற்பதாம் மாடியை விலை பேசுகிறோம். பேசுவது குற்றமன்று. ஆனால் வாங்க முடிகிற நிலை ஓர் அருள். அருளுக்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கின் கேள்விகளைத்தான் என் மாணவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

முதற்கேள்வி: எந்தப் பணத்தில்?

வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக வரும் ஹதீஸை நாம் அறிவோம். “எல்லாரும் அப்படித்தான் ஹஜ்ரத் வாங்குகிறார்கள்” என்பது வட்டியை ஹலாலாக்கிவிடாது.

சிலர் ஐரோப்பிய ஃபத்வா ஒன்றை எடுத்துக் காட்டுவர். 1999இல் ஐரோப்பிய ஃபத்வா ஆய்வுக் குழு, மேலைநாடுகளில் வாழும் முஸ்லிம்கள் வேறு வழியற்ற நிலையில் வங்கிக் கடனில் வீடு வாங்கலாம் என்று கருத்துரைத்தது உண்மை. அதைப் பல அறிஞர்கள் மறுத்ததும் உண்மை. ஏற்றுக்கொண்டவர்களும் நிபந்தனைகளை விட்டுவிடலாகாது. வீடு வாங்குபவர் தம் குடும்பத்துடன் குடியிருப்பதற்காக இருக்க வேண்டும். அவருக்கு வேறு வீடு இருக்கக்கூடாது. வட்டியின்றி வாங்கும் வசதியும் மாற்று வழியும் இருக்கக்கூடாது. கும்மிடிப்பூண்டியில் சொந்த வீடு வைத்துக்கொண்டு, துபாயில் வாடகைக்கு விடுவதற்காக இரண்டாம் வீடு வாங்குபவருக்கு இந்த ஃபத்வாவில் இடமே இல்லை. இது என் உறுதியான கருத்து.

மாற்று வழிகள் அந்நாடுகளிலேயே இருக்கின்றன. வங்கியே வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டு இறுதியில் உடைமையாக்கித் தரும் இஜாரா முறை, வங்கியும் வாங்குபவரும் கூட்டாக வாங்கி வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும் முஷாரகா முறை ஆகியவை உள்ளன. பெயரில் இஸ்லாம் இருப்பது மட்டும் போதாது. வீடு சேதமானால் இழப்பு யாருடையது, தவணை தாமதமானால் வாங்கும் அபராதம் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். விடையில் உண்மை வெளிப்படும்.

கட்டப்படாத வீட்டை வாங்கலாமா என்பது அடுத்த ஐயம். கைவசம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கூறியது அடிப்படை விதி. ஆனால் செய்து தரும்படி ஒப்பந்தம் செய்யும் இஸ்திஸ்னாஃ முறையை ஹனஃபி அறிஞர்கள் நீண்ட காலமாக அனுமதித்துள்ளனர். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும் அதை ஏற்று, பொருளின் வகை, அளவு, தன்மை, ஒப்படைக்கும் காலம் யாவும் தெளிவாக இருக்க வேண்டும் என்றது. விலையைத் தவணையில் தரவும் இடமளித்தது. எனவே படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஒப்பந்தத்தைப் படித்து வாங்குங்கள். துபாயில் 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டப்படி, வாங்குவோர் தரும் பணம் அந்தக் கட்டடத்துக்கென உள்ள காப்புக் கணக்கிலேயே செலுத்தப்பட வேண்டும். முகவரின் சொந்தக் கணக்குக்குப் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு மூன்று தவணை கட்டிவிட்டு, வீடு கைக்கு வரும் முன்பே இலாபத்துக்குக் கைமாற்றிவிடும் வணிகத்தையும் அறிஞர் பலர் அனுமதிப்பதில்லை.

இரண்டாம் கேள்வி: யாருடைய பங்கு?

இதைக் கேட்டபோது மாணவர் வியப்புடன் பார்த்தார். “என் சம்பளம்தானே ஹஜ்ரத்?” என்றார்.

“உங்கள் அத்தா மவுத்தாகி எத்தனை ஆண்டு ஆகிறது, தம்பி?”

“ஏழு.”

“வீட்டிலும் நிலத்திலும் உங்கள் அக்காள் இருவரின் பங்கைப் பிரித்துக் கொடுத்தாயிற்றா?”

அவர் பேசவில்லை. நம் ஊர்களில் இந்த அமைதி எனக்குப் பழக்கமானது. நிக்காஹ்வின்போது நகை போட்டோம், சீர் செய்தோம், அக்காள் கேட்கவே இல்லை என்பார்கள். திருமறையின் அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் விதித்த பங்கை நகையும் சீரும் ஈடு செய்யா. கேட்க வெட்கப்படுபவரின் உரிமை, கேட்காததால் அழிந்துவிடாது. பத்தாண்டு சிப்காட்டைச் சுற்றி நிலவிலை ஏறியதை நாம் பார்த்தோம். ஏறிய விலையில் சகோதரிகளின் பங்கும் ஏறியிருக்கிறது. அதைத் தம்வசம் வைத்துக்கொண்டு, மிச்சப்பட்ட சம்பளத்தில் கடல் கடந்து வீடு வாங்குவது, பிறர் பணத்தில் வாங்குவதற்கு நெருக்கமானதே.

மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கினால், அது அவர் தந்த கடனா, பங்கா, அன்பளிப்பா என்று அப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசவில்லை. கடனை எழுதிக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. நாம் அதை ஓதி நன்மை தேடுகிறோம், ஆனால் எழுதுவதில்லை.

மூன்றாம் கேள்வி: எவ்வழியாக?

நாட்டின் சட்டமும் நாம் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்படிக்கையே. வெளிநாட்டில் வாழ்ந்து, அங்கே ஈட்டிய பணத்தில் வாங்கிய வீட்டை, இந்தியா திரும்பிய பின்னும் வைத்திருக்கவும் விற்கவும் நம் சட்டம் அனுமதிக்கிறது. இங்கேயே வசிப்பவர் வெளிநாட்டில் வீடு வாங்க விரும்பினால், ரிசர்வ் வங்கியின் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை வங்கி வழியே அனுப்பலாம். திர்ஹத்தில் இது சற்றேறக்குறைய 9,18,000. ஓராண்டில் பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படும் தொகைக்கு 20 விழுக்காடு வரியை வங்கி முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம்.

பலரும் தவறுவது அடுத்த படியில்தான். நாடு திரும்பி முழு வதிவாளர் ஆன பின், வெளிநாட்டு வீட்டையும் அதன் வாடகையையும் வருமான வரிப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின்படி பத்து இலட்சம் ரூபாய் அபராதம் வரலாம். ஹலாலாக உழைத்து ஈட்டியதை ஏன் திருட்டுப் பொருளைப் போல ஒளிக்க வேண்டும்? அதுபோலவே, செலவு குறைவு என்று ஹவாலா வழியில் பணம் அனுப்பாதீர்கள். நாளை ஏதேனும் நேர்ந்தால் உங்கள் மனைவி யாரிடம் ரசீது கேட்பார்?

ஜகாத்தையும் மறக்கலாகாது. குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. வாடகைக்கு விட்டால் வாடகையிலிருந்து சேர்ந்திருக்கும் தொகைக்கு உண்டு. விற்று இலாபம் பார்க்கும் எண்ணத்துடனேயே வாங்கினால் அது வணிகப் பொருள். ஆண்டுதோறும் சந்தை மதிப்பில் இரண்டரை விழுக்காடு கடமையாகும்.

நான்காம் கேள்வி: உங்களுக்குப் பின்?

ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், இரு மகள்கள் ஆகியோரை விட்டு இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடனும் வஸிய்யத்தும் நிறைவேறிய பின், எஞ்சியதை 96 பங்காக்கினால் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 12, தாய்க்கு ஆறில் ஒன்றாக 16, மகனுக்கு 34, மகள்களுக்குத் தலா 17. கணக்கு இவ்வளவு தெளிவானது. வீடு வேறு நாட்டில் இருக்கும்போது, இந்தக் கணக்கு அந்நாட்டு நீதிமன்றம் வழியேதான் நடக்க வேண்டும். துபாயில் முஸ்லிமின் சொத்துக்கு ஷரீஅத் பாகப்பிரிவினை பொருந்தும் என்றாலும் ஆவணமின்றி எதுவும் நகராது. இங்கிலாந்து போன்ற நாடுகளில் உயில் எழுதாமல் இறந்தால் அந்நாட்டுப் பொதுச்சட்டப்படி பிரியும். அங்கே கணவன் மனைவி கூட்டுரிமையில் வாங்கும் ஒருவகைப் பத்திரத்தில், ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவருக்கே போய்விடும். பெற்ற தாயின் ஆறில் ஒரு பங்கு அங்கே சத்தமின்றி மறைந்துவிடும்.

நண்பர் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ வாங்கி வைப்பதை நான் முற்றாக எச்சரிக்கிறேன். நண்பர் நல்லவராக இருக்கலாம். அவரும் ஒருநாள் இறப்பார். அப்போது அவருடைய வாரிசுகளுக்கு உங்கள் வாய்மொழி உடன்படிக்கை தெரியாது.

வஸிய்யத் செய்ய வேண்டிய ஏதேனும் உடைய முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது. வாரிசுகளின் பங்கைக் கூட்டவோ குறைக்கவோ வஸிய்யத்துக்கு அதிகாரம் இல்லை. வாரிசு அல்லாதோருக்கு மூன்றில் ஒரு பங்கு வரையே செல்லும். ஆனால் என்ன சொத்து, எங்கே, யாரிடம் எவ்வளவு கடன், பத்திரம் எந்தப் பெட்டியில் என்று எழுதுவதை எவரும் தடுக்கவில்லை. அந்த ஒரு தாள் இருந்திருந்தால், அந்தப் பெண்மணி தன் துக்கத்தை மட்டும் சுமந்திருப்பார்.

நம் மஹல்லா ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். நிக்காஹ் பதிவேட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறோம். அதனுடன், வெளிநாடு செல்வோர் விரும்பினால் முத்திரையிட்ட உறையில் தம் சொத்து, கடன் விவரங்களை இரு சாட்சிகளுடன் ஒப்படைக்கும் வழக்கத்தையும் தொடங்கலாம். செலவு ஒரு அலமாரி மட்டுமே. உயிருடன் திரும்புபவர் வாங்கிக்கொள்வார். திரும்பாதவரின் வீட்டாருக்கு அது அமானத்தாகச் சேரும்.

முன்னோர் விட்டுச் சென்றவை

கடல் கடந்து மண் வாங்குவது நமக்குப் புதிதன்று. நம் மாவட்டத்துப் பழவேற்காட்டிலிருந்து துணிகள் கப்பலேறி மலாய்த் தீவுகளுக்குச் சென்ற காலம் உண்டு. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வீடும் கடையும் கொண்டு வாழ்ந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்று யார் கையில் என்று அவர்களின் பேரர்களுக்கே தெரியாது. ஆனால் 1801இல் பினாங்கில் அவர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1826இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் இன்றும் ஐவேளையும் திறந்திருக்கின்றன. அயல்நாட்டில் உங்களுக்கு அல்லாஹ் தருவதில் ஒரு சிறு பகுதியையேனும், ஒரு மாத வாடகையையேனும், இப்படி நிலைக்கும் வழியில் எழுதி வையுங்கள்.

என் மாணவர் அன்று விளம்பர ஏட்டை மடித்து எடுத்துக்கொண்டு சென்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மூத்த அக்காளையும் அவருடைய கணவரையும் அழைத்து வந்தார். நிலத்தின் பத்திரமும் பட்டாவும் கையில் இருந்தன. பங்குகளைக் கணக்கிட்டு எழுதினோம். அக்காள் கண் கலங்கினார், தம்பியும் அப்படியே. துபாய் வீட்டைப் பற்றி அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அவர் சேமிப்பில் இப்போது பிறர் பங்கு இல்லை.

இறந்துபோன அந்தச் சகோதரரின் வழக்கு இன்னும் நடக்கிறது. தம்பிக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைக் குடும்பத்தார் அமர்ந்து பேசி ஒரு தொகைக்கு உடன்பட்டிருக்கிறார்கள். அங்குள்ள நம் சகோதரர்கள் சிலர் நீதிமன்றப் பணிகளுக்கு உதவுகிறார்கள். தாள்களை எடுத்துக்கொண்டு அலுவலகங்களுக்கு அந்த மகனுடன் நானும் செல்கிறேன். ஒரே சொல்லில் விடை சொன்னதற்கு என்னால் இயன்ற ஈடு அதுதான்.

வல்ல அல்லாஹ் நமக்கு விசாலமான இல்லங்களை ஹலாலான வழியில் தந்தருள்வானாக! நாம் விட்டுச் செல்பவை நம் வாரிசுகளுக்குச் சுமையாகாமல் காப்பானாக! வீடிழந்து முகாம்களில் வாழ்வோருக்கு நிலையான இருப்பிடம் அளிப்பானாக! கடனுடன் மரணிப்பதிலிருந்து நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.